நூற்றுப் பன்னிரண்டாவது அடி

"ஏங்க... உள்ள யாராவது இருக்கீங்களா? இல்ல, காரை இங்க நட்டுவெச்சுத் தண்ணி ஊத்திட்டுப் போயிட்டீங்களா?"

அந்த வெள்ளைக் காரின் பானெட்டை அவள் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். ஒரு தட்டு இல்லை... நாலு தட்டு. தட்டியதில் கைதான் வலித்தது. கார் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத் தூறிக்கொண்டிருந்தது வானம். வாரத்தில் ஆறு நாள் விடிவதற்குள் எழுந்து, ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஓடி, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்களின் எரிச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு ஊசி குத்துகிறவள் அவள். ஏழாவது நாளாவது கொஞ்சம் தூங்கலாம் என்றால், அப்பாவைச் சலூன் வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்பாவுக்குக் கண் தெரியாது. சர்க்கரை வியாதி மூன்று வருஷத்துக்கு முன்னால் வலது கண்ணையும் போன வருஷம் இடது கண்ணையும் எடுத்துக்கொண்டது. தெருக்கோடிச் சலூன்காரர் அவருடைய வெகுகாலச் சிநேகிதர். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, அவர் படிக்கும் பேப்பரைக் கேட்டு, பேப்பரில் வருகிற எல்லாரையும் திட்டித் தீர்த்தால்தான் அப்பாவுக்குப் பொழுது விடிந்த மாதிரி.

நடைபாதையைச் சுவர் ஓரம் வரைக்கும் அடைத்துக்கொண்டு நின்றது கார். வழக்கம்போலச் சுற்றிப் போவதற்காக இருவரும் ரோட்டில் இறங்கினார்கள். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது... அப்பா பதறிப்போய் நடைபாதையில் ஏறப் பார்த்தார்... விளிம்பு தடுக்கியது... அவ்வளவுதான். முழங்காலில் ரத்தம்.

சொல்லுங்கள், யாருக்குத்தான் கோபம் வராது?

காருக்குப் பக்கத்திலேயே, ஷட்டர் பாதி தூக்கியிருந்த மெக்கானிக் கடைக்குள்ளிருந்து வந்த ஸ்பானர் சத்தம் நின்றது. இன்னொரு காரின் அடியிலிருந்து சக்கரம் வைத்த பலகை ஒன்று கடகடவென்று உருண்டு வந்தது. தலை முதலில் வந்தது. மல்லாந்து கிடந்தபடியே அவன் அவளைத் தலைகீழாகப் பார்த்தான்.

முகமெல்லாம் கிரீஸ். அந்தக் கறுப்புக்கு நடுவே இரண்டு கண்கள்... சரியாகத் தூங்கி எத்தனை நாளானதோ, ஓரமெல்லாம் சிவந்து, ஆனாலும் சிரிப்பை மட்டும் விடாத கண்கள். தலைகீழாகப் பார்த்தாலும் சிரிப்பு சிரிப்பாகத்தான் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"மேடம், அது பானெட்டு. கதவு இல்ல. எவ்வளவு தட்டினாலும் யாரும் திறக்க மாட்டாங்க."

"பிளாட்பாரம் மனுஷங்க நடக்கறதுக்கு. அது தெரியுமா தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும் மேடம். காருக்குத்தான்..."

அப்போதுதான் அப்பாவின் முழங்காலைப் பார்த்தான். சிரிப்பு பொசுக்கென்று போய்விட்டது. எழுந்து ஓடி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான்... ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகுதான் அலமாரியிலிருந்து துவைத்த துணியை எடுத்தான். ஊசி போடுகிறவளுக்கு அந்த இரண்டாவது தடவை கண்ணில் படாமலா போகும்? பட்டது. பட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, எட்டிய கையால் காரின் விளக்கைத் தடவினார். "ரொம்பப் பழைய மாடல். ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்குமே தம்பி?"

"சார்! எப்படி சார்?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான். ரோட்டுல ஒரு கீறல் விழாம ஓட்டினேன். இப்ப பிளாட்பாரத்துல விழறேன் பாரு."

இரண்டு பேரும் கியரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அடிபட்டவரும் அடிக்குக் காரணமானவனும் இப்படிக் கொஞ்சிக் குலாவினால் சண்டை போட வந்தவள் என்ன செய்வாள்?

"எப்ப எடுப்பீங்க இதை?"

அவன் காரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நாளைக்கு எடுத்துடறேன் மேடம்."

அந்த நாளை வரவே இல்லை.

முழங்கால் விஷயம் வெளியூரில் இருக்கும் அண்ணன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அவன் கத்தவில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை, பொறுமையாகப் பேசினான். "இதோ பாரு. உன்னால முடியல. அது உன் தப்பு இல்ல. இங்க பக்கத்துலயே ஒரு நல்ல முதியோர் இல்லம் இருக்கு. பேர் எழுதி வெச்சுட்டேன். இன்னொரு தடவ அவர் விழுந்தார்னா நான் யாரையும் கேக்க மாட்டேன். வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

அப்பாவுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ. எல்லாம் கேட்டது. அன்றைக்கு அவர் பேப்பரில் வந்தவர்கள் யாரையும் திட்டவில்லை. சாப்பிடும்போது மட்டும் சொன்னார்... "எனக்குத் தனியா நடக்கக் கத்துக் குடும்மா. சலூன் வரைக்கும். அது போதும்."

ஞாயிறுதோறும் கற்றுக்கொடுத்தாள். வாசல் கேட்டிலிருந்து இடது பக்கச் சுவரை ஒட்டி எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டாவது அடியில் கைத்தடி வெள்ளைக் காரின் பம்பரில் 'டங்' என்று இடிக்கும். சில நாள் நூற்றுப் பத்து ஆகும், சில நாள் நூற்றுப் பதினாறு... கால் தினமும் ஒரே மாதிரியா போடும்? எண்ணிக்கை தவறினாலும் கார் தவறாது. இடித்ததும் ரோட்டில் இறங்கி, இடது கையால் காரைத் தடவிக்கொண்டே போக வேண்டும். கதவுக் கைப்பிடி ஒன்று, இரண்டு, பக்கக் கண்ணாடி, விளக்கு. மறுபடி நடைபாதை ஏறி முப்பத்தொரு அடி. சலூன் படி. கொஞ்ச நாளில் வாரநாட்களிலும் தனியாகவே போய்வர ஆரம்பித்தார்.

எந்தக் காரை எடு எடு என்று சண்டை போட்டாளோ, அந்தக் காரைத்தான் அப்பாவுக்கு அடையாளமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். வேறு என்ன செய்ய? தெருவில் மற்ற எல்லாம் நகர்ந்துகொண்டே இருந்தது. இது ஒன்றுதான் நகராதது.

இதை அவள் மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'நடைபாதையில் கார் நிறுத்தத் தடை வேண்டும்' என்று நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கி வார்டு ஆபீசில் மனு கொடுத்தவளே அவள்தான். அவனிடமே போய், 'உங்க கார் எங்கப்பாவுக்கு உதவியா இருக்கு' என்று பல்லிளிப்பதா? ரோஷம் விடவில்லை.

ஆனால் தினமும் காலை ஆறரைக்கு வேலைக்குப் போகும்போது பானெட்டில் இரண்டு தட்டு மட்டும் தட்டுவாள். கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் அவன் குடியிருந்தான். ஜன்னலில் பல் துலக்கும் பிரஷோடு தலை நீளும்.

"நாளைக்கு மேடம்!"

"எந்த வருஷத்து நாளைக்கு?"

"அதையும் நாளைக்குச் சொல்றேன் மேடம்!"

அவ்வளவுதான் பேச்சு. மூன்று மாதம் போயிற்று. எப்போதிருந்து என்று தெரியவில்லை, அந்த ஜன்னல் திறக்காத நாளில் அவளுக்கு முதல் ஊசி ஒழுங்காக அமையவில்லை. களைப்புதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். களைப்பு எத்தனைக்குத்தான் காரணமாகும்...

ஒரு சனிக்கிழமை. வெளியே நல்ல மழை. ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசையில் கடைசியாக அவன் உட்கார்ந்திருந்தான். கிரீஸ் இல்லாத முகம்! யாரோ என்று நினைத்துவிட்டாள். கண்ணைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

"என்ன, காருக்குப் பதிலா நீங்களே வந்துட்டீங்க?"

"உடம்பு அசதியா இருக்கு மேடம். எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கலாம்னு."

"இந்த டெஸ்ட்டுக்கு உங்க கடைக்குப் பக்கத்துலயே லேப் இருக்கே?"

அவன் கையை நீட்டினான். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு. இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவன்!

"அந்தப் பக்கம் பாருங்க. ஏதாவது பேசிட்டே இருங்க. அந்தக் காரை ஏன் எடுக்க மாட்டேங்கறீங்கன்னு சொல்லுங்க, கேப்போம்."

நரம்பைக் கண்ணால் தேடக் கூடாது, விரலால் தேட வேண்டும். அவள் விரல் அவன் கையில் மெல்ல ஊர்ந்தது. அவன் ஜன்னல் மழையைப் பார்த்தபடி சொன்னான்.

"அது ஒரு வாத்தியாரோட கார் மேடம். எனக்கும் பாடம் எடுத்தவர்தான். பொண்ணு பிரசவத்துக்குப் போகணும், சீக்கிரம் சரி பண்ணிக் குடுன்னார். ரெண்டு நாள்ல தர்றேன் சார்னேன். சொன்னேனே தவிர, தலைக்கு மேல வேலை. ரெண்டு நாள் ரெண்டு வாரமாச்சு. தினம் வந்து நிப்பார். திட்டவே மாட்டார். 'சரிப்பா'ம்பார்... பேரனப் பாக்காமலே போயிட்டார் மேடம். நெஞ்சு வலி. வீட்டுல யாரும் காரைக் கேக்கவும் இல்ல. நாலு வருஷமாச்சு. தள்ளிவிடலாம்னு எத்தன தடவ கிட்டப் போனேன்... கை வரல."

குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் பட்டையை அவிழ்த்தாள். பஞ்சை வைத்து அழுத்தியவள், அவனே அழுத்திக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு நிமிஷம்... அதற்கும் கொஞ்சம் கூடுதலாகவே.

"வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"எப்ப குத்தினீங்க?" என்றான் அவன்.

அன்றைக்காவது அவள் சொல்லியிருக்கலாம். 'அந்தக் கார் அங்கயே இருக்கட்டும், எங்கப்பா அதைப் பிடிச்சுத்தான் நடக்கறார்' என்று ஒரு வரி. நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த ஆள் வந்து கையை நீட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வழக்கம்போல இரண்டு தட்டு. ஜன்னல் திறந்தது. பிரஷ் இல்லை. தலை வாரியிருந்தான்.

"இன்னைக்கு மேடம்!"

அவள் சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குத் தெரியும்படி சிரித்தாள். "ஆமா ஆமா, பாக்கலாம்!" என்று கையை ஆட்டிவிட்டு நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு உதட்டோரம் இருந்தது. அந்த 'இன்னைக்கு' மட்டும் அவள் மண்டையில் உறைக்கவே இல்லை.

பதினொரு மணி இருக்கும். ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கையில் ஊசி இறங்கியிருந்த நேரம், மேஜை மேல் போன் அதிர்ந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். சலூன்காரர்.

"பதறாதம்மா... அப்பாவுக்குக் கைல அடி..."

எலும்பு ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் அவள் ஓடினாள். கடைசி பெஞ்சில் அப்பா. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு, நெற்றியில் பிளாஸ்திரி. பக்கத்தில் சலூன்காரர். எதிர்ச் சுவரோடு சுவராக மெக்கானிக். அவன் சட்டையில் அப்பாவின் ரத்தம்.

சலூன்காரர்தான் சொன்னார். காலையில் இழுவை வண்டி வந்து வெள்ளைக் காரைக் கொண்டுபோய்விட்டது. பத்து மணிக்கு அப்பா கிளம்பினார். நூற்றுப் பன்னிரண்டு... கார் இல்லை. நூற்று இருபது... இல்லை. தப்பாக எண்ணிவிட்டோம் போல என்று நடந்துகொண்டே இருந்தார். "கஸ்டமர் கழுத்துல கத்தி வெச்சிருக்கேம்மா. கண்ணாடியில பாக்கறேன், உங்கப்பா என் கடையத் தாண்டிப் போயிட்டு இருக்கார்! கத்தியப் போட்டுட்டு ஓடறதுக்குள்ள மெயின் ரோட்டுல கால வெச்சுட்டார். ஸ்கூட்டர் தட்டிடுச்சு."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ... நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"யாரு உங்கள அந்தக் காரை எடுக்கச் சொன்னது?"

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் அவளுக்கே அது எவ்வளவு அபத்தம் என்று உறைத்தது. மூன்று மாதம் தினமும் இரண்டு தட்டுத் தட்டியது யார்?

அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கடை வாசல்லதான் நின்னேன் மேடம். அவர் இறங்காம, ஏறாம, நேரா நடந்து போனார். எவ்வளவு நிம்மதியா நடக்கறார்னு... சந்தோஷமா பாத்துட்டு நின்னேன். தாண்டிப் போறார்னு எனக்குத் தெரியல."

அவள் திரும்பிப் பார்க்காமல் அப்பாவிடம் போய்விட்டாள். கோபம் அவன் மேல் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் தன் மேல் கோபப்பட அப்போது அவளுக்குத் தெம்பு இல்லை.

மறைத்து என்ன பயன்? அண்ணனுக்கு அவளே போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். அவர் துணிய எடுத்து வை," என்றான். அவள் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள். அப்பா மட்டும் அன்று மாலை கேட்டார், "சலூன்காரனையும் கூட வெச்சுக்குவாங்களாமா அந்த இல்லத்துல?" கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து எதிர்ப்பக்க நடைபாதையில் போனாள். தட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஜன்னல் திறந்ததா என்று பார்க்கவும் இல்லை. பார்க்கவில்லை என்று சொல்கிறோம்... எத்தனை மணிக்குத் திறந்தது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று கேட்டால் சொல்லியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை வார்டு ஆபீசில் அவளுடைய மனு விசாரணைக்கு வந்தது. நாற்பது கையெழுத்தில் வந்தது ஏழு பேர். கடைக்காரர்கள் சங்கம் மட்டும் பெஞ்சு கொள்ளாமல் வந்திருந்தது. அவர்கள் நடுவில் மெக்கானிக்கும் இருந்தான்.

"ஏங்க, தடைன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டீங்க. வர்ற கஸ்டமர் காரை எங்க நிறுத்துவான்? தலையில தூக்கி வெச்சுக்கிட்டா வருவான்?" என்றார் சங்கத் தலைவர். சிரிப்பு எழுந்தது. "ஓரமா விட்டுட்டுப் போறாங்க. கேட்டா எடுத்துடறோம். மனுஷனுக்கு மனுஷன் அனுசரிச்சுப் போறதுதானே?"

அவள் எழுந்தாள். வீட்டில் எழுதி வைத்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. ஐந்து நாள் தூக்கமில்லாத உடம்பு. "எங்கப்பா... விழுந்துட்டார்," என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பேசலாமா?"

மெக்கானிக் எழுந்து நின்றான். போச்சு, இவனும் சேர்ந்துகொண்டான் என்று நினைத்தாள்.

"அனுசரிச்சுப் போறதுன்னு தலைவர் சொல்றார். நான் அதைத்தான் சார் பண்ணேன். நாலு வருஷம் பிளாட்பாரத்துல காரை வெச்சிருந்தேன். திடீர்னு ஒரு நாள் எனக்கு நல்ல மனசு வந்துடுச்சு, எடுத்துட்டேன். அன்னைக்குத்தான் கண்ணு தெரியாத ஒரு பெரியவருக்குக் கை உடைஞ்சது. அவருக்கு அந்தக் கார்தான் அடையாளம்." சங்கத் தலைவர் பக்கம் திரும்பினான். "இன்னைக்கு நிக்கும், நாளைக்கு நிக்காதுன்னா நமக்கு ஒண்ணும் இல்ல சார், பாத்து நடந்துடுவோம். அவர் எப்படி நடப்பார்? வழிங்கறது தினம் ஒரே மாதிரி இருக்கணும். எனக்கு நல்ல மனசு வர்றதையும் வராததையும் நம்பி அவர் நடக்கக் கூடாது. தடை போடுங்க. எல்லாருக்கும், எல்லா நாளைக்கும். மொதல்ல என் கடை வாசல்லயே கோடு போடுங்க."

"உன் கடைக்கு வர்ற வண்டிங்கள எங்கய்யா வெப்ப?" என்று சங்கத் தலைவர் கத்தினார்.

"உள்ள ரெண்டு வண்டி நிக்கும். ரெண்டுதான் எடுப்பேன்."

முகத்தில் ஈயாடவில்லை சங்கத்துக்கு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் அந்தத் தெருவில் தடை, மூன்று மாதம் பார்த்துவிட்டு மற்றத் தெருக்கள் என்று எழுதிக்கொண்டார். எல்லாரும் எழுந்து போகும் சந்தடியில் அவள் அவனைத் தேடினாள். அவனைக் காணவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வேலை முடிந்து தெருமுனை திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நடைபாதையில் மெக்கானிக் நடந்து வந்துகொண்டிருந்தான். கண்ணை ஒரு துண்டால் இறுகக் கட்டியிருந்தான். கையில் அப்பாவின் கைத்தடி. அப்பா ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அதட்டிக்கொண்டு வந்தார்.

"என்னடா நடை இது? என் அடி இவ்வளவு நீளமா? சின்னதா வை. நூத்தி ஏழு... எட்டு..."

"சார், இங்க பள்ளம் இருக்கு."

"இருக்கும். நாலு வருஷமா இருக்கு. நீ இன்னைக்குத்தான் பாக்கற."

நூற்றுப் பன்னிரண்டில் அவன் நின்றான். கடைச் சுவரில், இடுப்பு உயரத்தில், புதுச் சிமெண்ட் பூசிய இடத்தில் அவன் இடது கை எதையோ தேடிப் பிடித்தது. அவள் கிட்டே போனாள். கதவுக் கைப்பிடி. வெள்ளைக் காரின் கைப்பிடி. வாத்தியாரின் காரை இழுத்துப்போன இடத்துக்கே போய்க் கழற்றி வந்து, பளபளவென்று தேய்த்து, சுவரில் பதித்திருந்தான்.

சலூன்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "செவ்வாய்க்கிழமையிலருந்து தினம் நடக்குதும்மா இந்தக் கூத்து. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா உத்தரவு."

அவள் சத்தம் போடாமல் வீட்டுக்குப் போனாள். எடுத்து வைத்திருந்த அப்பாவின் துணிகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். மூன்றாவது சட்டையில் அழுகை வந்துவிட்டது. பெட்டியைக் காலி செய்யாமல் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அதே தூறல். அண்ணன் டாக்சியிலிருந்து இறங்கியதும், "பெட்டி எங்க?" என்றான்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "பெட்டி கெடக்கட்டும். நான் சலூனுக்குப் போறேன். நீ என் பின்னாடி வா. வாயத் திறக்கக் கூடாது, தொடக் கூடாது. நான் போய்ச் சேரலைன்னா உன்கூட வந்துடறேன்."

கேட்டைத் தாண்டினார். ஒன்று... இரண்டு... அண்ணன் பின்னால். அவள் அதற்கும் பின்னால். எதிர்ப்பக்கத்தில் மெக்கானிக் நின்றிருந்தான். மழையில் நனைவதுகூடத் தெரியாமல் நின்றிருந்தான்.

நூற்றுப் பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் நான்கு விரல்கள் சுவரைத் தடவின. ஒன்றும் இல்லை. பதிமூன்று... பதினான்கு... அண்ணன் கையை நீட்டிவிட்டான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பதினைந்து...

பதினாறாவது அடியில் விரல்கள் கைப்பிடியில் பட்டன. அப்பா நின்றார். அதைப் பிடித்தார். ஒரு மூச்சு விட்டார். "குளிருக்கு அடி சின்னதா விழுது," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, இறங்காமல் ஏறாமல் நேராக நடந்தார். சலூன் படியில் கைத்தடி தட்டியது. உள்ளே சலூன்காரர் பேப்பரை உதறும் சத்தம் தெருவுக்கே கேட்டது.

அண்ணன் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு தாடையைத் தடவிக்கொண்டே சலூனுக்குள் போனான். "எனக்கும் ஒரு ஷேவிங் பண்ணி விடுங்க." நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்தான். "நாளைக்குப் போன் பண்ணி அந்த இல்லத்துல பேரை எடுத்துடச் சொல்லிடறேன்."

அவள் திரும்பி நடந்தாள். கைப்பிடி இருந்த சுவர் வரைக்கும்தான் கால் வந்தது. அங்கேயே சாய்ந்து நின்றுவிட்டாள். அவன் தெருவைக் கடந்து வந்தான். சட்டையெல்லாம் ஈரம். கண்ணோரம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"ரத்த ரிப்போர்ட் வாங்க வரவே இல்லையே நீங்க?" என்றாள்.

"அதுக்கா வந்தேன்?"

அவளுக்கு இவ்வளவு களைப்பிலும் கன்னம் சுட்டது. "அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் கத்தினது தப்பு. அப்பா அந்தக் காரைப் பிடிச்சுத்தான் நடக்கறார்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. உங்ககிட்ட இறங்கிப் போகணுமான்னு ஒரு இது..."

"நானும்தான். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கார் இல்லாததப் பாத்ததும் உங்க முகத்த அன்னைக்கு மத்தியானம் பாக்கணும்னு ஆசை. அவசரப்பட்டுட்டேன்."

தூறல் கொஞ்சம் கனத்தது. ஷட்டரை ஒட்டி நனையாமல் இருந்த ஒரு முழ இடத்தில் இருவரும் ஒண்டினார்கள்.

"எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு," என்றாள் அவள். யாரிடமும் சொல்லாதது அது. அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

"தெரியும். தினம் ஆறரைக்கு ஜன்னல்லருந்து பாக்கறேனே." அவன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உங்க களைப்ப நான் வாங்கிக்க முடியாது. அப்பாவப் பாத்துக்கறேன்னு பெரிய வார்த்தையும் சொல்ல மாட்டேன், அவரு நம்மளத்தான் பாத்துக்குவார். ஆனா... அந்த ரெண்டு தட்டு இல்லாம அஞ்சு நாளா எனக்குப் பொழுதே விடியல. என்னைக் கட்டிக்கறீங்களா?"

அவள் தன் செருப்பைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், ஒரு வண்டிகூட நிற்காத நடைபாதையைப் பார்த்தாள்.

"யோசிச்சு... ரெண்டு நாள்ல..."

"ஐயோ, ரெண்டு நாள்னு மட்டும் சொல்லாதீங்க." அவன் பதறிவிட்டான். "வேணாம்னாகூடச் சரி. வாத்தியார்கிட்ட சொன்ன அந்த ரெண்டு நாள் மட்டும் வேணாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதல் நாள் தலைகீழாகப் பார்த்த அதே கண்கள். சிரிப்பு இல்லாமல் அந்தக் கண்களை அவளால் பார்க்க முடியவில்லை. கையைத் தூக்கி, ஷட்டரில் மெதுவாகத் தட்டினாள். ஒன்று. இரண்டு.

"இன்னைக்கே," என்றாள்.